ஒரு சேம்பர் இசைப் பதிவின் டெம்போ, ஸ்கேல், மூட்: கேட்டுக் குறித்துக்கொள்வது எப்படி?

மேற்கத்திய சேம்பர் இசைக்கு, அதாவது ஒருசில கருவிகள் மட்டும் சேர்ந்து வாசிக்கும் இசைக்கு, குறிப்பு எழுத வேண்டிய வேலை பலருக்கும் வந்து சேர்கிறது. கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள், ஒலிப்பதிவு படிப்பவர்கள், சின்ன நிகழ்ச்சிக்கு அறிமுகம் எழுதித் தருபவர்கள், சும்மா தன் சேகரிப்பை ஒழுங்குபடுத்த நினைப்பவர்கள். கேள்வி மூன்றுதான்: என்ன வேகம் (டெம்போ), என்ன ஸ்கேல், என்ன மூட் (உணர்வு)? பதிலைத் தேடப் போனால்தான் தலை சுற்றும். ஒரே பதிவுக்கு ஒரு ஆப் 92 என்கிறது, இன்னொன்று 184 என்கிறது. ஒன்று ஏ மேஜர் என்றால் மற்றொன்று ஏ ஃப்ளாட் மேஜர் என்று சாதிக்கிறது. மூட் என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை: "ரிலாக்சிங்".

இந்தக் குழப்பத்தோடு நிறைய மல்லுக்கட்டிய பிறகு எனக்குக் கைகொடுத்த வரிசையைக் கீழே தருகிறேன். ஸ்டாஃப் நொட்டேஷன் (மேற்கத்திய ஸ்வரக் குறிமுறை) சரளமாகப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. எத்தனை ஷார்ப் (♯), எத்தனை ஃப்ளாட் (♭) என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

1. ஒரே ஒரு படைப்பு, ஒரே ஒரு பதிவு

"பெஸ்ட் ஆஃப் சேம்பர் மியூசிக்" மாதிரித் தொகுப்புகளில் தொடங்காதீர்கள். அவற்றில் ஆளுக்கொரு மூவ்மென்டை, அதாவது படைப்பின் ஒரு தனிப் பகுதியை, வெட்டி ஒட்டியிருப்பார்கள். வாசித்தவர் யார், எந்த ஆண்டுப் பதிவு என்ற தகவலே பாதி நேரம் இருக்காது. முழுப் படைப்பும் ஒரே குழு வாசித்த ஒரே ஆல்பமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க மோட்சார்ட்டின் கிளாரினெட் குவின்டெட்டை, அதாவது கே. 581-ஐ (கே. என்பது மோட்சார்ட் படைப்புகளின் பட்டியல் எண்), உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஒரு கிளாரினெட், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. நான்கு மூவ்மென்ட், எல்லாம் சேர்ந்து அரைமணி நேரத்துக்குச் சற்று மேலே. குரல்கள் தனித்தனியாகக் காதில் விழும். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறிகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலேயே இருப்பதால் பயிற்சிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

ஆல்பத்தைத் தேடும்போது பெயரை மட்டும் போட்டுத் தேடாமல் கே. 581 என்ற எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். கிளாரினெட் கான்செர்ட்டோ வேறு, அது கே. 622. அதுவும் ஏ மேஜர்தான், அதுவும் கிளாரினெட்தான், தேடலில் இரண்டும் கலந்து வரும்.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

*ஸ்கோர்.* இது இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம். ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் பழைய பதிப்புகள் இலவசமாகக் கிடைக்கும். உறுப்பினர் அல்லாதவர்கள் சில விநாடி காத்திருந்து இறக்கிக்கொள்ளலாம். மோட்சார்ட்டுக்கு மட்டும் இன்னொரு வசதி உண்டு. சால்ஸ்பர்க்கில் உள்ள "மோட்சார்ட்டேயம்" அறக்கட்டளை, ஆய்வுப் பதிப்பு முழுவதையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. அந்தப் பதிப்பே கிடைக்கும்போது பழைய பதிப்புகளுக்குள் போக வேண்டியதில்லை.

இங்கே ஒரு பொறி. "ஸ்கோர்" என்பது ஐந்து கருவிகளும் ஒன்றின்கீழ் ஒன்றாக அச்சான புத்தகம். "பார்ட்ஸ்" என்பது ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனியான தாள். அச்சுப் புத்தகம் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்து அவசரப்பட்டு பார்ட்ஸ் செட்டை வாங்கிவிடுவது வழக்கமாக நடக்கிறது. விலையும் கூடுதல், கேட்பதற்கும் உதவாது. உங்களுக்கு வேண்டியது "ஸ்டடி ஸ்கோர்" என்று போட்ட கையடக்கப் பதிப்பு.

*ஆல்பத்தின் புக்லெட்.* சி.டி.யோடு வருகிற சின்னப் புத்தகம்தான். கலைஞர்கள், பதிவான இடம், தேதி, பழைய வகைக் கருவிகளா நவீனக் கருவிகளா, சில சமயம் எந்தச் சுருதியில் வாசித்தார்கள் என்பது வரை அதில் இருக்கும். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது. ஹைபீரியன் போன்ற நிறுவனங்கள் தங்கள் தளத்தில் புக்லெட்டை பி.டி.எஃப். ஆக இலவசமாகவே வைத்திருக்கின்றன. முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

கிளாரினெட் குவின்டெட்டுக்கு புக்லெட் ரொம்பவே முக்கியம். 1789-இல் மோட்சார்ட் இதை ஆன்டன் ஸ்டாட்லர் என்ற கிளாரினெட் கலைஞருக்காக எழுதினார். அவருடைய கிளாரினெட் வழக்கமானதைவிடக் கீழே இறங்கக்கூடியது. மோட்சார்ட்டின் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. அச்சில் வந்ததோ சாதாரணக் கிளாரினெட்டுக்கு ஏற்றபடி மாற்றப்பட்ட வடிவம். அதனால் சில பதிவுகளில் பாசெட் கிளாரினெட் (அப்படிக் கீழே இறங்கும் வகை) வைத்துக் கீழ் ஸ்வரங்களை மீட்டு வாசிப்பார்கள். ஸ்கோரில் மேலே போகிற இடம் காதில் கீழே போனால் பயப்பட வேண்டாம், புக்லெட்டைப் பாருங்கள்.

*ஒரு நோட்டு, ஒரு பென்சில்.* பேனா வேண்டாம். எண்களை நிறைய அழித்து எழுத வேண்டியிருக்கும்.

3. செலவும் நேரமும்

பணம் போடாமலே முடிக்கலாம். போனில் டேப் பண்ணும் வசதியுள்ள மெட்ரோனோம் ஆப் ஒன்று, குரோமாட்டிக் ட்யூனர் ஒன்று, பியானோ ஆப் ஒன்று. மூன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினி இருந்தால் ஆடாசிட்டி அல்லது சோனிக் விஷுவலைசர் என்ற ஒலி மென்பொருள். இரண்டும் இலவசம். ஸ்கோரை பிரின்ட் எடுப்பதுதான் உண்மையான செலவு. முழுவதையும் எடுக்காமல் முதல் மூவ்மென்டை மட்டும் எடுங்கள். மிச்சத்தைத் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஹெட்போன் மட்டும் ஓரளவு நல்லதாக இருக்கட்டும். போன் ஸ்பீக்கரில் செல்லோவின் கீழ் ஸ்வரங்கள் சரியாகக் கேட்காது. ஸ்கேலைப் பிடிக்க நமக்கு வேண்டியதே அதுதான்.

நேரம்: ஒரு மூவ்மென்டுக்கு ஒரு மாலை. நான்கையும் ஒரே ராத்திரியில் முடிக்கப் பார்த்தால் மூன்றாவதுக்கு மேல் காது ஒத்துழைக்காது. எல்லாமே இனிமையாகத்தான் கேட்கும், எதையும் பிரித்துச் சொல்ல வராது.

4. ஸ்கேலை முதலில் பிடியுங்கள்

டெம்போதான் எளிது என்று எல்லோரும் அதில் தொடங்குவார்கள். நான் ஸ்கேலில் தொடங்கச் சொல்வேன். ஸ்கோரைத் திறந்து பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வரும்.

ஸ்கோரின் முதல் வரியில் வயலினுக்கு மூன்று ஷார்ப் இருக்கும். மூன்று ஷார்ப் என்றால் ஏ மேஜர், இல்லாவிட்டால் எஃப் ஷார்ப் மைனர். சரி, கிளாரினெட் வரியைப் பாருங்கள். ஒரு ஷார்ப்கூட இருக்காது. சி மேஜர் மாதிரி இருக்கும். அச்சுப்பிழை இல்லை. இது "ஏ கிளாரினெட்". தாளில் சி என்று எழுதியிருப்பதை ஊதினால் ஏ ஒலிக்கும். ஆகவே, ஸ்கேலைக் கிளாரினெட் வரியைப் பார்த்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். வயலின், வியோலா, செல்லோ வரிகள்தான் சாட்சி.

அடுத்தது காது. மூவ்மென்டின் கடைசிப் பத்து விநாடியைப் போடுங்கள். செல்லோ எந்த ஸ்வரத்தில் போய் நிற்கிறதோ அதை முணுமுணுத்துக்கொண்டே பியானோ ஆப்பில் தேடுங்கள். அதை ஸ என்று வைத்துக்கொண்டு காந்தாரத்தைக் கவனியுங்கள். அந்தர காந்தாரமாக இருந்தால் மேஜர், சாதாரண காந்தாரமாக இருந்தால் மைனர். கர்நாடக இசை கொஞ்சம் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கட்டைக் கணக்கில் சொன்னால் ஏ என்பது ஆறு கட்டை. ஏ மேஜரின் ஸ்வரங்கள், கமகத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆறு கட்டையில் பாடும் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்.

ஆனால் அதே கர்நாடகக் காதுதான் அடுத்த நிமிடம் காலை வாரிவிடும். தம்புரா போல ஸ இங்கே ஒரே இடத்தில் நிற்காது. முதல் மூவ்மென்டில் பார் 42 வாக்கில் (ஸ்கோரில் இரண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவே இருப்பது ஒரு பார்), செல்லோ வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்ட, முதல் வயலின் ஒரு புது மெலடியைத் தொடங்கும். ஆறு கட்டை ஸ-வை மனதில் வைத்துக்கொண்டே கேட்டால், மத்தியமம் ஏறிவிட்டது, சங்கராபரணம் கல்யாணி ஆகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் பஞ்சமமாக இருந்த ஈ இப்போது புது ஸ. இது ஈ மேஜர். கிரக பேதம் தெரிந்தவர்கள் அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் உடனே புரிந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஸ நிஜமாகவே குடிமாறிவிடுகிறது. கீழே இருக்கும் கருவிகளும் அதோடு சேர்ந்து மாறுகின்றன.

இதற்குப் பிறகு ஏழெட்டு பார் கழித்து வருவது இந்தப் படைப்பிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம். அதே மெலடியைக் கிளாரினெட் வாங்கிக்கொள்ளும், ஆனால் ஈ மைனரில். முக்கியமாக ஜி ஷார்ப் ஜி ஆகிறது. கீழே வயலின்களும் வியோலாவும் தாளத்துக்கு நேராக விழாமல் இடைவெளியில் விழும். இந்த இடத்தைப் பத்து முறை போட்டுக் கேளுங்கள். மேஜர், மைனர் வித்தியாசத்தைப் பாடப்புத்தகம் சொல்லித் தருவதைவிட இந்த இரண்டு வரி நன்றாகச் சொல்லித்தரும்.

ஸ்கேல் விஷயத்தில் இன்னும் சில பொறிகள்:

ஆல்பத்தின் தலைப்பில் "குவின்டெட் இன் ஏ மேஜர்" என்று இருப்பது முழுப் படைப்புக்கான முகவரி. மூவ்மென்டுக்கு மூவ்மென்ட் அது மாறும். இரண்டாவது மூவ்மென்டான லார்கெட்டோ டி மேஜரில் இருக்கிறது. மூன்றாவதான மினுவெட் ஏ மேஜர்தான், ஆனால் நடுவில் மாற்றாக வரும் பகுதிகளில் (அவற்றுக்குப் பெயர் ட்ரியோ) முதலாவது ஏ மைனர். அந்த ட்ரியோவில் கிளாரினெட் வாயே திறக்காது. நான்காவதில் ஒரே மெலடியை மாற்றி மாற்றி வாசிக்கும் வேரியேஷன்களில் மூன்றாவதும் ஏ மைனர். வியோலா முறையிடுகிற மாதிரி இருக்கும்.

முதல் நிமிடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மோட்சார்ட்டின் கே. 465 ஸ்ட்ரிங் குவார்டெட் (நான்கு தந்திக் கருவிகளுக்கானது) சி மேஜர். ஆனால் மெதுவாகத் தொடங்கும் முதல் 22 பார் எந்த ஸ்கேல் என்றே தெரியாமல் உரசிக்கொண்டு போகும். "டிஸொனன்ஸ்" என்று அதற்குப் பெயர் விழுந்ததே அதனால்தான். ஹைடனின் ஓபஸ் 33 (ஓபஸ் என்பது படைப்பின் வெளியீட்டு எண்), எண் 1 டி மேஜர் போலத் தொடங்கி பி மைனரில் போய் அமரும்.

முடிவை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது. ஹைடனின் ஓபஸ் 76, எண் 3 குவார்டெட்டின் கடைசி மூவ்மென்ட் சி மைனரில் தொடங்கி சி மேஜரில் முடிகிறது. அதனால் நோட்டில் ஸ்கேலுக்கு இரண்டு கட்டம் போடுங்கள்: தொடக்கம், முடிவு.

5. பதிவின் சுருதி

ஸ்கோரில் ஏ மேஜர். பியானோ ஆப்பில் வைத்துப் பார்த்தால் ஏ-வுக்குக் கொஞ்சம் கீழே. இங்கேதான் பலரும் தங்கள் காதைச் சந்தேகப்படுகிறார்கள். காது சரியாகத்தான் இருக்கிறது.

இன்றைய பொதுச் சுருதி ஏ = 440 ஹெர்ட்ஸ். பழைய வகைக் கருவிகளில் மோட்சார்ட், ஹைடன் வாசிக்கும் குழுக்கள் பலவும் 430-ஐ வைத்துக்கொள்கின்றன. அது கிட்டத்தட்ட 40 சென்ட் கீழே. பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளின் இடைவெளி ஒரு செமிடோன், அதில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். ஆக, அரை செமிடோனுக்கும் சற்றுக் குறைவு. பரோக் இசைக்கு 415 வைப்பார்கள். அது ஒரு முழு செமிடோன் கீழே. 415-இல் வாசித்த ஏ மேஜரைக் கணினி ஏ ஃப்ளாட் மேஜர் என்றுதான் சொல்லும். ஐரோப்பாவில் 442, 443 என்று மேலே வைக்கும் குழுக்களும் உண்டு.

செய்ய வேண்டியது: பல ஸ்வரங்கள் சேர்ந்து நீண்டு ஒலிக்கும் ஒரு கார்டில் (chord) ட்யூனரை வைத்து எத்தனை சென்ட் மேலே அல்லது கீழே என்று பாருங்கள். புக்லெட்டில் சுருதி போட்டிருந்தால் ஒப்பிடுங்கள். நோட்டில் "ஏ மேஜர், சுருதி 430" என்று எழுதுங்கள். "ஏ ஃப்ளாட்" என்று எழுதாதீர்கள். வாசித்தவர்கள் ஏ மேஜரைத்தான் வாசித்தார்கள்.

பழைய இசைத்தட்டிலிருந்து மாற்றிய பதிவுகளில் இன்னொரு வம்பு. தட்டு 6 சதவீதம் வேகமாகச் சுற்றியிருந்தால் சுருதி ஒரு செமிடோன் ஏறும், டெம்போவும் 6 சதவீதம் ஏறும். வெளியார் வீடியோ தளங்களில் ஏற்றும் பதிவுகளில் வேண்டுமென்றே சுருதியை மாற்றியவையும் இருக்கின்றன. அளவெடுக்கும் வேலைக்கு நிறுவனமே வெளியிட்ட பதிவை மட்டும் நம்புங்கள்.

6. டெம்போ

முதலில் ஸ்கோரில் மேலே இருக்கும் இத்தாலிய வார்த்தையை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: அல்லெக்ரோ, லார்கெட்டோ, மினுவெட், அல்லெக்ரெட்டோ. மெட்ரோனோம் ஆப்பில் "அல்லெக்ரோ என்றால் இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை" என்று ஒரு பட்டியல் ஓடும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். அந்த வார்த்தை குணத்தையும் சேர்த்துச் சொல்வது. எண்ணை நாம்தான் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். மோட்சார்ட் இந்தப் படைப்புக்கு எந்த மெட்ரோனோம் எண்ணும் தரவில்லை. மெட்ரோனோமே அவர் காலத்துக்குப் பிறகு வந்ததுதான்.

எண் எடுக்க இரண்டு வழி.

முதல் வழி, தட்டுவது. இசையோடு சேர்ந்து ஆப்பில் இருபது, முப்பது பீட் தட்டுங்கள். நான்கு தட்டிவிட்டு நிறுத்தினால் எண் தாறுமாறாக வரும். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் தட்டிப் பாருங்கள். நல்ல குழுக்கள் இயந்திரம் போல ஒரே வேகத்தில் வாசிப்பதில்லை. இரண்டாவது மெலடிக்கு லேசாகத் தளர்த்துவார்கள், முடிவில் இழுப்பார்கள். மூன்று எண்ணும் வேறுபட்டால் அதுவும் தகவல்தான், சராசரிக்குள் புதைக்காதீர்கள்.

இரண்டாவது வழி, பார் எண்ணுவது. எனக்கு இதுதான் நம்பிக்கை. முதல் மூவ்மென்டின் முதல் பகுதி பார் 79-இல் முடியும், அங்கே திருப்பி வாசிக்கும் குறி இருக்கும். பாருக்கு நான்கு குரோட்செட், அதாவது நான்கு பீட். 79-ஐ நான்கால் பெருக்கினால் 316. உங்கள் பதிவில் அந்த இடம் 2 நிமிடம் 38 விநாடியில் வந்தால், அது 158 விநாடி. 316-ஐ 158-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்குங்கள்: 120. தட்டிப் பார்த்ததும் 120-ஐ ஒட்டி வந்தால் வேலை முடிந்தது. சோனிக் விஷுவலைசரில் இசை ஓடும்போதே அரைப்புள்ளி விசையை அழுத்தினால் நேரக்குறி விழும். ஆடாசிட்டியில் கன்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் லேபிள் விழும். விநாடியை எட்டிப் பார்த்துக் குறிக்கிற தொல்லை மிச்சம்.

டெம்போவின் பெரிய பொறி இரட்டிப்பும் பாதியும். தொடக்கத்தில் சொன்ன 92, 184 சமாச்சாரம் இதுதான். ஆப்புக்குச் சத்தம் விழும் இடைவெளி தெரியும், எதை ஒரு பீட்டாக வைக்க வேண்டும் என்று தெரியாது. லார்கெட்டோ மூன்று பீட் தாளத்தில் மெதுவாகப் போகும். குரோட்செட்டுக்கு 45-ஐ ஒட்டி வரும் பதிவை ஆப் 90 என்று காட்டலாம், குவேவரை, அதாவது அரைக் குரோட்செட்டை, எண்ணியிருக்கும். இரண்டுமே தப்பில்லை. எதை எண்ணினோம் என்று எழுதாமல் வெறும் எண்ணை எழுதுவதுதான் தப்பு. "90" என்று எழுதாதீர்கள். "குவேவர் = 90" என்று எழுதுங்கள்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பீத்தோவனைப் பாருங்கள். 1817-இல் அவர் தன் முதல் பதினொரு குவார்டெட்டுகளுக்கு மெட்ரோனோம் எண்களை வெளியிட்டார். ஓபஸ் 18, எண் 1-இன் முதல் மூவ்மென்டுக்கு 54 என்று இருக்கும். 54 என்றால் மந்தமாயிற்றே என்று நினைத்தால் ஏமாந்தோம். அது டாட்டட் மினிமுக்கு, அதாவது மூன்று குரோட்செட்டுக்கு, 54. ஒரு பார் முழுவதும் ஒரே பீட். அதாவது அரை நிமிடத்தில் 27 பார் ஓட வேண்டும், குரோட்செட்டுக்கு 162. ஓபஸ் 59, எண் 3-இன் கடைசி மூவ்மென்டுக்கு 84. அது செமிபிரீவுக்கு, அதாவது நான்கு குரோட்செட்டுக்கு! குரோட்செட் கணக்கில் 336. வியோலா தனியாகத் தொடங்கும் அந்த ஓட்டத்தைக் கேட்டால் 84 என்ற எண் எதை மறைத்து வைத்திருக்கிறது என்று தெரியும். பல குழுக்கள் அந்த வேகத்தைத் தொடுவதில்லை.

பீத்தோவன் எண்களோடு பதிவை ஒப்பிடுவது நல்ல பயிற்சி. ஆனால் குறைவாக வந்ததால் "தவறான வாசிப்பு" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். அரங்கம் எதிரொலித்தால் வேகம் குறைப்பார்கள், சில குழுக்கள் விரும்பியே குறைப்பார்கள்.

கடைசியாக, மொத்த நேரத்தைப் பார்த்து வேகத்தைக் கணிக்காதீர்கள். சூபர்ட்டின் சி மேஜர் ஸ்ட்ரிங் குவின்டெட், டி. 956 (டி. என்பது சூபர்ட் படைப்புகளின் பட்டியல் எண்), முதல் மூவ்மென்ட் ஒரு ஆல்பத்தில் 14 நிமிடம், இன்னொன்றில் 19 நிமிடம் என்று இருக்கும். இரண்டாமவர் மெதுவாக வாசிக்கவில்லை, முதல் பகுதியைத் திருப்பி வாசித்திருக்கிறார். மோட்சார்ட்டின் மினுவெட்டிலும் இதே கதை. மினுவெட், ட்ரியோ, மினுவெட், இரண்டாவது ட்ரியோ, மறுபடி மினுவெட் என்று போவதால் எத்தனை தடவை திருப்பினார்கள் என்பதை எண்ணிக் குறியுங்கள்.

7. மூட் கடைசியில்தான்

ஸ்கேலும் டெம்போவும் கையில் வந்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். முதலிலேயே "சோகம்" என்று எழுதிவிட்டால் அப்புறம் காது சோகத்தையே தேடும்.

மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம் என்ற சூத்திரத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். லார்கெட்டோ டி மேஜர். தந்திக் கருவிகளில் மியூட் போட்டிருக்கும். சத்தம் அமுங்கி, பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருக்கும். அதன்மேல் கிளாரினெட் நீளமாகப் பாடும். அதை மகிழ்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வராது. சோகம் என்றும் சொல்ல முடியாது, அழுகை ஒரு இடத்திலும் இல்லை. இந்த மாதிரி இடத்தில் ஒற்றை வார்த்தையைத் தேடி நேரத்தை வீணாக்காமல், கேட்பதை வினைச்சொல்லாக எழுதுங்கள். யார் பாடுகிறார், யார் அடங்கியிருக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார்கள், முதல் வயலின் கிளாரினெட்டுக்குப் பதில் சொல்கிறதா, கூடவே போகிறதா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிமிடம், விநாடி. நேரம் குறிக்க முடியாத உணர்வு பதிவில் இல்லை, நம் தலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராகத்தின் குணத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதும் வேண்டாம். மைனரின் ஒரு வடிவம் ஸ்வர அளவில் கீரவாணியோடு பொருந்தும் என்பது ஸ்கேல் பிடிக்க உதவும், அத்தோடு சரி. கீரவாணி கேட்கும்போது நமக்கு வருகிற உணர்வு கமகத்திலும் சஞ்சாரத்திலும் இருந்து வருவது. ஏ மைனர் ட்ரியோவில் அவை எதுவும் கிடையாது.

பட்டப்பெயர்களிடமும் ஜாக்கிரதை. சூபர்ட்டின் டி மைனர் குவார்டெட், டி. 810, "மரணமும் கன்னியும்" என்ற பெயரில் புழங்குகிறது. இரண்டாவது மூவ்மென்டின் தீம் அதே பெயருள்ள அவருடைய பழைய பாட்டிலிருந்து வந்தது. பெயரைப் படித்துவிட்டு உட்கார்ந்தால் நான்கு மூவ்மென்டிலும் மரணமே கேட்கும். ஆனால் ஜி மைனரில் தொடங்கும் அந்த இரண்டாவது மூவ்மென்ட் ஜி மேஜரில் அமைதியாக முடிகிறது. மூன்றாவது மூவ்மென்டான ஸ்கெர்சோவின் ட்ரியோ டி மேஜரில் இளைப்பாறுகிறது. முதல் தடவை கேட்கும்போது புக்லெட்டின் கட்டுரையைப் படிக்காதீர்கள். தேதி, கருவி, சுருதி உள்ள பக்கம் மட்டும் போதும்.

மூடில் எவ்வளவு மோட்சார்ட்டுடையது, எவ்வளவு வாசித்தவர்களுடையது என்று பிரிக்க ஒரு வழி உண்டு. பழைய வகைக் கருவிகளில் வாசித்த ஒரு பதிவு, நவீனக் கருவிகளில் ஒன்று என இரண்டு எடுத்து, அந்த ஈ மேஜர், ஈ மைனர் இடத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போடுங்கள். இரண்டிலும் இருப்பது எழுதப்பட்டது. ஒன்றில் மட்டும் இருப்பது, உதாரணமாக மைனருக்குப் போகும் முன் எடுக்கும் ஒரு சின்னத் தயக்கம், வாசித்தவருடையது.

8. குறிப்பு எழுதும் படிவம்

முதல் மூவ்மென்டுக்கு இப்படி. எண்கள் மாதிரிக்குத்தான், உங்கள் பதிவில் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

படைப்பு: மோட்சார்ட், கிளாரினெட் குவின்டெட், கே. 581, முதல் மூவ்மென்ட், அல்லெக்ரோ.
பதிவு: குழுவின் பெயர், நிறுவனம், பதிவான ஆண்டு, பாசெட் கிளாரினெட், சுருதி 430.
ஸ்கேல்: தொடக்கம் ஏ மேஜர். பார் 42 வாக்கில் ஈ மேஜர், ஏழெட்டு பார் கழித்து ஈ மைனர். முதல் பகுதி முடிவு ஈ மேஜர். மூவ்மென்ட் முடிவு ஏ மேஜர்.
டெம்போ: குரோட்செட் = 120, பார் எண்ணி எடுத்தது. இரண்டாவது மெலடியில் 114. முதல் பகுதி திருப்பி வாசிக்கப்பட்டது.
மூட்: நான்கு தந்திக் கருவிகளும் சேர்ந்து நிதானமாகத் தொடங்க, பார் 7-இல் கிளாரினெட் அவர்களுக்கு நடுவே ஏறி இறங்குகிறது. 1.38-இல் அதே மெலடி மைனருக்குப் போகும்போது குரல் சன்னமாகிறது.

மூட் வரிக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். தேர்வுக்கு எழுதுகிறவர்கள் பார் எண்ணைக் கட்டாயம் போடுங்கள். நிகழ்ச்சி அறிமுகம் எழுதுகிறவர்கள் பார் எண்ணை எடுத்துவிட்டு விநாடியையும் எடுத்துவிடுங்கள், அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் பயன்படாது. ஸ்கோரின் பதிப்பு எது என்பதை நோட்டின் மூலையில் எழுதி வையுங்கள். பிறகு பார் எண் ஒத்துவராமல் போனால் தேடுவது மிச்சமாகும்.

9. அடுத்து எதை எடுப்பது

நான்கு மூவ்மென்டும் முடிந்ததும் பிராம்ஸின் கிளாரினெட் குவின்டெட், ஓபஸ் 115. அதே ஐந்து கருவிகள், அதே ஏ கிளாரினெட், 1891-இல் எழுதியது. ஸ்கேல் பி மைனர் என்று அட்டையில் இருக்கும். ஆனால் இரண்டு வயலின்களும் தொடங்கும்போது அது டி மேஜரா பி மைனரா என்று தெரியாது. அதனால் ஸ்கேல் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுச் செல்லோ வந்து சேரும்வரை காத்திருங்கள். இரண்டாவது மூவ்மென்ட் அடாஜியோ. நடுவில் வேகமும் தாளக்கட்டும் தளர்ந்து கிளாரினெட் தன் போக்கில் அலையும். அங்கே டேப் ஆப் உதவாது. பார் எண்ணும் வழியை மட்டும் பயன்படுத்துங்கள், அந்த நடுப்பகுதிக்குத் தனி வரி ஒதுக்குங்கள்.